மூளையைக் கொடுத்துச் சென்றவர்கள்

(மருத்துவமனையைத் தாங்குவோர் கூடுகையில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் நாங்கள் கணக்கு ஒப்புவிப்போம். எத்தனை படுக்கை, எத்தனை அறுவைச் சிகிச்சை, மாடிக் கட்டடம் எதுவரை எழும்பியிருக்கிறது என்பதெல்லாம் அச்சிட்டு உங்கள் கையில் தந்திருக்கிறோம். ஆகையால் இன்று வேறொரு காரியத்தைப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். அதுவும் கொடுப்பதைக் குறித்ததுதான். ஆனால் பணம் கொடுப்பதைக் குறித்து அல்ல. ஆகவே யாரும் பர்ஸைத் தடவிப் பார்க்க வேண்டாம்.

எங்கள் நரம்பியல் பிரிவுக்கு மறதி நோயுள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பத்தாரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதை அவர்கள் முதலில் கேட்பதில்லை. பரிசோதனை முடிந்து, மருந்துச் சீட்டு எழுதியாகி, எழுந்து போகிற நேரத்தில் மனைவியோ மகளோ வாசலருகே நின்று திரும்புவார்கள். "பதினைந்து வருஷத்துக்கு முந்தி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாரே டாக்டர், அதனாலதான் இப்படி ஆயிட்டாரா?" சிலர் அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்வார்கள். "அன்னைக்கு நான்தான் அவரைக் கடைக்கு அனுப்பினேன்."

இந்தக் கேள்விக்கு நாங்கள் சொல்லுகிற பதில் எங்கிருந்து வந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறோம். ஈரலில் சந்தேகம் என்றால் ஊசியால் துளி சதையை எடுத்துப் பார்த்துவிடலாம். உயிரோடிருக்கிறவரின் மூளையிலிருந்து அப்படி எளிதாய் எடுத்துவிட முடியாது. ஸ்கேன் படம் மூளையின் உருவத்தைக் காட்டும், சுருங்கியிருப்பதைக் காட்டும், இரத்தக்கட்டைக் காட்டும். ஆனால் நரம்பணுவுக்குள்ளே நடந்திருக்கிற சேதத்தை முழுவதும் பார்க்க வேண்டுமானால் மூளைத் திசுவை மெல்லிய தகடுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே வைக்க வேண்டும். ஆகவே மறதி நோயைக் குறித்து நமக்குத் தெரிந்திருக்கிறதில் பெரும்பங்கு, இறந்துபோனவர்களிடமிருந்து வந்தது.

முதலாவது ஒரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மனநல மருத்துவமனையில் 1901ஆம் ஆண்டு நவம்பரில் ஔகுஸ்தே டேட்டர் என்பவரைச் சேர்த்தார்கள். வயது 51. எழுதச் சொன்னால் தன் பெயரைக்கூடப் பாதியில் மறந்துவிடுவார். அவரை விசாரித்து ஒவ்வொரு பதிலையும் குறித்து வைத்த டாக்டரின் பெயர் அலோயிஸ் அல்சைமர். பின்பு டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போனார். ஆனாலும் அந்த வியாதியஸ்தரை மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அந்த அம்மையார் இறந்தபோது மூளை மியூனிக் நகரத்தில் இருந்த அவரிடம் அனுப்பப்பட்டது. நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும், உள்ளே முறுக்கிக்கொண்ட நூல் சிக்கல்களையும் அவர் கண்டார். அந்த ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கனில் கூடிய டாக்டர்களுக்கு முன்பாக அதை வாசித்தார். கேட்டவர்கள் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். இன்று உலகமெங்கும் அந்த வியாதிக்கு அவர் பெயர் வழங்குகிறது. சம்மதம் கேட்டுப் பெறுகிற முறை இன்றைக்கு இருப்பதுபோல அந்நாளில் இருந்ததில்லை. அம்மையாரின் பழைய கோப்பு 1995இல்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் திரும்பக் கிடைத்தது.

அடிபட்ட மூளையைக் குறித்த ஆராய்ச்சி குத்துச்சண்டைக்காரரிடமிருந்து ஆரம்பித்தது. 1928இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், சாவின் காரணத்தை விசாரிக்கும் உத்தியோகத்தில் இருந்த டாக்டர் ஹாரிசன் மார்ட்லண்ட் ஒரு கட்டுரை எழுதினார். பல வருஷம் தலையில் குத்து வாங்கினவர்கள் குடிக்காமலே குடித்தவர்களைப்போலத் தள்ளாடுகிறார்கள், நாக்குக் குழறுகிறது, புத்தி மந்தமாகிறது என்று காட்டினார். விளையாட்டு ரசிகர்களுக்கு அது முன்பே தெரியும். அதற்குப் பட்டப்பெயரும் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவ உலகம்தான் பிந்திக் கேட்டது. பின்பு 1973இல் இங்கிலாந்தில் டாக்டர் கோர்செல்லிஸும் அவருடைய உடன் வேலையாட்களும், ஓய்வுபெற்றபின் இறந்துபோன 15 குத்துச்சண்டைக்காரரின் மூளைகளை ஆராய்ந்து எழுதினார்கள். அந்த ஆராய்ச்சியில் எங்களுக்கு மிகவும் பிடித்த காரியம் ஒன்று உண்டு. அவர்கள் நுண்ணோக்கியோடு நின்றுவிடாமல் இறந்தவர்களின் குடும்பத்தாரைத் தேடிப் போய், அந்த மனுஷன் கடைசி வருஷங்களில் வீட்டில் எப்படி இருந்தார் என்று கேட்டு எழுதினார்கள். ஒரு மனைவி சொன்னதும் கண்ணாடித் தகடு சொன்னதும் ஒரே கட்டுரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அடி எப்படி வியாதியாகிறது என்பதைச் சற்றே விளக்குகிறோம். மூளை ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ளது. கெட்டித் தயிரைப்போல மிருதுவானது. மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது. தலை திடீரென்று திரும்பி நின்றால் மூளை உடனே நிற்பதில்லை. உள்ளே குலுங்கி முறுகுகிறது. ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகிற நீண்ட இழைகள் அப்பொழுது இழுபடுகின்றன. அந்த இழைகளுக்குள்ளே சரக்குப் போய்வருகிற தண்டவாளங்களைப்போன்ற நுண்குழாய்கள் உண்டு. டௌ என்னும் ஒரு புரதம், தண்டவாளத்தின் அடியிலுள்ள ஸ்லீப்பர் கட்டையைப்போல, அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. இழை இழுபடும்போது கட்டைகள் கழன்று போகலாம். கழன்ற புரதம் உருமாறி ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கலாகிறது. அல்சைமர் அன்று பார்த்த நூல் சிக்கலும் இதே புரதத்தினால் ஆனதுதான். ஆனால் அடிமேல் அடி வாங்கின மூளையில் அது மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றிச் சேருகிறது. இடம் வேறுபடுவதால் இது வேறு வியாதி என்று பிரித்தறிய முடிந்தது. சி.டி.ஈ. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லுவார்கள். இதை உயிரோடிருப்பவரிடத்தில் நிச்சயமாய்க் கண்டுபிடிக்கும் பரிசோதனை இன்னும் வரவில்லை.

2002இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 50ஆம் வயதில் இறந்தார். நம்முடைய கால்பந்து அல்ல. ஆள்மேல் ஆள் பாய்ந்து மோதுகிற விளையாட்டு. பிட்ஸ்பர்க் நகரத்தில் பிரேத பரிசோதனை செய்தவர் நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஒமாலு. வெளிப்பார்வைக்கு மூளையில் ஒரு குறையும் தெரியவில்லை. அத்தோடு விட்டிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ திசுவைச் சீவிப் பார்த்தார். அந்த வீரரின் கடைசி வருஷங்களின் குழப்பத்திற்குக் காரணம் அங்கே இருந்தது. 2005இல் அதை வெளியிட்டபோது, போட்டிகளை நடத்தும் அமைப்பின் டாக்டர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினார்கள். அது திரும்பப் பெறப்படவில்லை.

அதே 2002இல் இங்கிலாந்தில், நாம் ஆடுகிற கால்பந்தில் தலையால் முட்டுவதற்குப் பேர்போன ஜெஃப் ஆஸ்டில் 59ஆம் வயதில் மறதி நோயினால் இறந்தார். விசாரணை செய்த அதிகாரி அதைத் தொழிலினால் உண்டான வியாதி என்று தீர்ப்பு எழுதினார். பாதுகாத்து வைத்திருந்த அவருடைய மூளையை 2014இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் மறுபடி ஆராய்ந்து, அது சி.டி.ஈ. என்று கண்டார். பன்னிரண்டு வருஷம் குடும்பத்தார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஒரே மூளை ஒரு பெரிய கேள்வியை எழுப்பிற்று. ஸ்டூவர்ட் குழுவினர் ஸ்காட்லாந்தில் தொழிலாக விளையாடின 7,676 பேரையும், அவர்களுக்கு வயதிலும் வசதியிலும் ஒத்த பொதுமக்கள் 23,028 பேரையும் ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டார்கள். விளையாடினவர்களுக்கு மாரடைப்பினால் வரும் சாவு குறைவு. நல்லதுதான். ஆனால் மூளை சிதையும் வியாதிகளால் இறந்தவர்கள் அவர்களிடத்தில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிகம். அதன் தொடர்ச்சியாக 2021இல் வந்த முடிவு இன்னும் தெளிவானது. கோலுக்கு முன் நிற்கிறவர் பந்தைக் கையால் பிடிக்கிறார். தலையால் முட்டுவது அபூர்வம். அவர்களுக்கு இந்த ஆபத்து குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. தலையால் அதிகம் முட்டித் தடுக்கிற தற்காப்பு ஆட்டக்காரருக்கோ ஏறக்குறைய ஐந்து மடங்கு. 2020 முதல் ஸ்காட்லாந்தில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டக் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிப்பு. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட 202 மூளைகளில் 177இல் சி.டி.ஈ. இருந்ததாக எழுதினார்கள். செய்தித்தாள்கள் அதைப் பெரிய எழுத்தில் போட்டன. ஆனால் ஆராய்ச்சியாளரே ஒன்றைச் சொல்லியிருந்தார்கள்: வீட்டில் ஏதோ தவறாய்ப் போய்விட்டது என்று கண்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுக்க முன்வருகின்றன, ஆகவே இதை எல்லா வீரருக்கும் பொதுக் கணக்காக்கக் கூடாது. இதைப் பின்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் அடிபட்டவர்கள் அல்லது வியாதிப்பட்டவர்கள். இனி, நன்றாய் இருக்கும்போதே கொடுக்கச் சம்மதித்தவர்களைக் குறித்துச் சொல்லுகிறோம். நோத்ர தாம் பள்ளிச் சகோதரிகள் என்னும் சபையைச் சேர்ந்த அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள் அவர்கள். பெரும்பாலோர் ஆசிரியைகள். டாக்டர் டேவிட் ஸ்னோடன் 1986இல் அவர்களிடத்தில் ஆராய்ச்சியை ஆரம்பித்தார். 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் இரண்டு காரியங்களுக்குச் சம்மதித்தார்கள். ஒன்று, வருஷந்தோறும் ஞாபகசக்திப் பரிசோதனைக்கு உட்படுவது. இன்னொன்று, இறந்தபின் மூளையைக் கொடுத்துவிடுவது. பிள்ளை குட்டி இல்லாதவர்கள், சாவுக்குப் பின் ஆராய்ச்சி கண்டுபிடிக்கப் போகிறதைப் பார்க்கவும் முடியாதவர்கள். இதனால் தங்களுக்கு ஒரு மாத்திரையாவது கிடைக்கும் என்கிற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. ஆனாலும் 678 பேர்.

அவர்கள் கொடுத்ததில் ஆராய்ச்சியாளர் கண்டவை அநேகம். இளவயதில் மடத்தில் சேரும்போது எழுதிக் கொடுத்த சுயசரிதைத் தாள்கள் பத்திரமாய் இருந்தன. வாக்கியத்துக்குள் கருத்துகளைச் செறிவாய் எழுதினவர்களுக்கு, 60 வருஷம் கழித்து மறதி நோய் குறைவாய் வந்திருந்ததை 1996இல் வெளியிட்டார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் சந்தோஷப்படலாம். ஆனாலும் காரணம் எது, விளைவு எது என்பதில் இன்னும் பேச்சு இருக்கிறது. அடுத்த வருஷம் வந்ததுதான் நம்முடைய காரியத்துக்கு நெருக்கமானது. மூளையில் அல்சைமர் அடையாளங்கள் ஒரே மாதிரி இருந்த சகோதரிகளுக்குள்ளே, ஆழமான சில பகுதிகளில் சிறு பக்கவாதக் காயங்களும் இருந்தவர்கள் உயிரோடிருந்தபோது மறதிக்குள்ளானது பல மடங்கு அதிகம். அதாவது ஏற்கெனவே உள்ள வியாதியைக் காயம் வெளியே கொண்டுவந்துவிடுகிறது. இதற்கு எதிர்ப்புறத்தில் சகோதரி மேரி இருந்தார். 101 வயதில் இறந்தார். கடைசிவரை பரிசோதனைகளில் நன்றாகவே தேறினார். மூளையைத் திறந்து பார்த்தால் திட்டுகளும் சிக்கல்களும் ஏராளம். வியாதி இருந்தும் அவரைத் தொடாமல் காத்தது எது என்பதை இன்றும் ஆராய்கிறார்கள்.

இப்பொழுது அந்த மனைவியின் கேள்விக்கு வருவோம். டென்மார்க்கில் ஏறக்குறைய 28 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்து 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மூளையில் அடிபட்டவர்களுக்கு, படாதவர்களைவிட, பிற்காலத்தில் மறதி நோய் வரும் ஆபத்து 24 சதவீதம் அதிகம். அடி கடுமையானதாயிருந்தால் இன்னும் கூடும். பலமுறை பட்டால் இன்னும் கூடும். ஆகையால் சம்பந்தம் உண்டு. ஆனால் 24 சதவீதம் என்பது அடிபட்ட நூறு பேரில் 24 பேர் மறந்துபோவார்கள் என்பதல்ல. அடிபட்டவர்களில் மிகுதியானோருக்கு இந்த வியாதி வருவதேயில்லை. படாதவர்களுக்கும் வருகிறது. ஒரு தனி மனுஷனைக் காட்டி, அந்த விழுகைதான் காரணம் என்று சொல்ல எங்களால் முடியாது. கடைக்கு அனுப்பினதால்தான் என்று சொல்லவும் எவராலும் முடியாது. இதை அந்த அம்மாவிடம் நிதானமாய்ச் சொல்லுகிறோம். ஒருமுறை சொன்னால் போதுவதில்லை. அடுத்த முறை வரும்போதும் சொல்லுகிறோம்.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். 1906இல் அல்சைமர் கண்ட திட்டுகளைக் கரைக்கிற லெக்கானமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் 2023இல் முழு அங்கீகாரம் கிடைத்தது. இடையில் 117 வருஷம். அது ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு அல்சைமர் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. போன ஞாபகத்தைத் திரும்பக் கொண்டுவருகிறதில்லை. அடியினால் வந்த சிதைவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே வராமல் தடுப்பதே வழி. லான்செட் பத்திரிகையின் நிபுணர் குழு 2024இல், கவனித்தால் தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. சர்க்கரை, இரத்த அழுத்தம், காது மந்தம் ஆகியவற்றோடு தலைக்காயமும் அதில் இருக்கிறது.

நம் தேசத்தில் தலைக்காயம் விளையாட்டு மைதானத்தைவிட ரோட்டில்தான் அதிகம். 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் ஹெல்மெட் அணியாதவர்கள் 50,029 பேர். ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறதாகப் பல தேசங்களின் ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெட்ரோல் டாங்கின்மேல் அதை உட்கார வைத்துக்கொண்டு, போலீஸைக் கண்டவுடன் மாட்டுகிற பழக்கம் விசுவாசிகளிடத்திலும் உண்டு. டாங்குக்கு மூளை கிடையாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளுகிறோம்.

மாண்டவர்கள் கணக்கில் வருகிறார்கள். பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மறு வருஷமே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் ராமமூர்த்தி தொடங்கினார். அதற்கு முன்பு கடுமையான தலைக்காயத்தோடு வந்தவர்களில் வெகு பேர் வீடு திரும்பினதில்லை. இன்று திரும்புகிறார்கள், இருபது முப்பது வருஷம் வாழ்ந்து முதிர்வயதையும் காண்கிறார்கள். அந்த முதிர்வயதில் அவர்கள் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஸ்காட்லாந்து ஆட்டக்காரரின் மூளை மட்டும் நமக்குச் சொல்லிவிட முடியாது.

இதற்காகவே பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மனித மூளை வங்கி நடந்து வருகிறது. நரம்பு நோய்க்குறியியல் நிபுணர் டாக்டர் எஸ். கே. சங்கர் அதை உருவாக்கினார். பக்கத்திலேயே ஒரு மூளை அருங்காட்சியகம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் நிஜமான ஒரு மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். பயப்படுவார்கள் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள், பெரியவர்கள்தான் பின்வாங்குகிறார்கள்.

மூளைதானத்தைக் குறித்து எங்களிடம் கேட்கப்படும் சில காரியங்களுக்குப் பதில் சொல்லி முடிக்கிறோம். மூளைச்சாவு அடைந்தவரின் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் மற்றவருக்குப் பொருத்துகிறார்களே, அது வேறு, இது வேறு. மூளையை யாருக்கும் பொருத்துவதில்லை. கண்தானம் செய்தால் யாரோ ஒருவர் பார்வை பெறுகிறார், குடும்பத்துக்கு ஒரு ஆறுதல். இதில் அப்படி எவரையும் சுட்டிக்காட்ட முடியாது. இறந்த சில மணி நேரத்துக்குள், தாமதித்தாலும் ஏறக்குறைய ஒரு நாளுக்குள், எடுத்தாக வேண்டும். முகம் சிதைவதில்லை; அடக்க ஆராதனையில் பெட்டியைத் திறந்து வைக்கலாம். உயிரோடிருக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அந்த நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார்தான். துக்கத்தின் முதல் மணி நேரத்தில் முதன்முறையாக இதைக் கேள்விப்படுகிற மகனால் என்ன சொல்ல முடியும்? ஆகையால் வீட்டில் முன்னதாகவே பேசிவைக்க வேண்டும்.

வியாதியஸ்தரின் மூளை மட்டும்தான் வேண்டுமோ என்று கேட்பவர்கள் உண்டு. பாஸ்டன் கணக்கைக் குறித்து நினைவில் வைக்கச் சொன்னோமல்லவா? நல்ல மூளை இல்லாமல் கெட்டதை ஒப்பிட முடியாது. ஞாபகம் தெளிவாய் இருந்து வயது சென்று இறந்தவர்களின் மூளையும் வங்கிகளுக்குத் தேவை. இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் அநேகர் அந்த வகையைச் சேர்ந்தவர்கள் என்று நம்புகிறோம்.

எங்கள் மருத்துவமனையில் மூளை வங்கி கிடையாது. ஆரம்பிக்கும் திட்டமும் இல்லை. விவரம் அறிய விரும்புவோருக்கு எங்கள் சமூகப் பணியாளர் வழி சொல்லுவார். டீ கொடுக்கிற மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கே தீர்மானிக்க வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. இப்பொழுது உங்கள் கேள்விகளுக்கு நேரம் கொடுக்கிறோம். பின்வரிசையில் இருக்கிற அந்த அம்மா வெகு நேரமாய்க் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்; அவர்கள் முதலாவது கேட்கட்டும்.